'படு' என்றால் 'ஸ்லீப்' அல்ல!



ஆண்டு மலருக்கு எழுதித் தர வேண்டும் என்று பேரவைத் தம்பிகள் மூன்று பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "சார், முன்னாள் மாணவர் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வேணும். இங்கிலீஷ் சம்பந்தமா இருந்தா பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்கள். "ஏம்பா, நான் மெக்கானிக்கல்காரன், எனக்கும் இங்கிலீஷுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். விடவில்லை. அவர்கள் போன பிறகு யோசித்தேன். ஆங்கிலத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். படுப்பது, தூங்குவது, ஓய்வெடுப்பது ஆகியவற்றுக்கு அவர்கள் என்னென்ன சொல் வைத்திருக்கிறார்கள், எதை எங்கே போட வேண்டும் என்பது. இதையெல்லாமா ஒருவன் பாடமாகப் படிப்பான் என்று சிரிக்காதீர்கள். நான் படித்தேன். ஏன் படித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1996-ஆம் ஆண்டு. டிப்ளமோ முடித்து, ஒரு தொழிற்சாலையில் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சியில் இருந்தேன். பெயர் வேண்டாம். என்னைப் போட்டிருந்த இடம் கம்ப்ரசர் ஹவுஸ். அங்கே சீனியர் ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எட்டாவது வரை படித்தவர். ஆனால் கம்ப்ரசரின் சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவார்.

ஒருநாள் நைட் ஷிப்டில் எனக்கு நல்ல காய்ச்சல். உட்கார முடியவில்லை. இரண்டரை மணிக்கு அண்ணன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அந்த பெஞ்சுல செத்த நேரம் படு தம்பி. கேஜை நான் பாத்துக்கறேன்" என்றார். படுத்தேன். தூங்கவில்லை. அன்லோடர் 'புஸ்' என்று காற்றை விடும் ஒவ்வொரு சத்தமும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மூன்றே கால் மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த அதிகாரி என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

மறுநாள் மெமோ. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம், அதுவும் ஆங்கிலத்தில். எனக்கு அப்போது என் ஆங்கிலத்தின் மேல் பெருத்த நம்பிக்கை! யாரிடமும் காட்டாமல் நானே எழுதிக் கொடுத்தேன்: 'ஐ ஹேட் எ ஃபீவர். தி ஆபரேட்டர் டோல்ட் மீ டு ஸ்லீப். ஐ ஸ்லெப்ட் ஆன் தி பெஞ்ச் அட் 2.30. ஐ வோக் அப் வென் தி ஆபீசர் கேம் இன்.'

இலக்கணப் பிழை ஏதாவது தெரிகிறதா? கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் 'டியூட்டியில் தூங்குவது' பல தொழிற்சாலைகளின் நிலையாணைகளில் தனிக் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கும். எங்கள் தொழிற்சாலையிலும் அப்படித்தான். நான் அப்ரண்டிஸ் என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். பயிற்சிக்கு வந்த பையனைத் தூங்கச் சொன்னார் என்று அண்ணன் மேல் விசாரணை வைத்தார்கள். "படுக்கத்தான் சொன்னேன், அவன் தூங்கவே இல்லை" என்று அவர் சொன்னதற்கு, என் காகிதத்தை எடுத்துக் காட்டினார்களாம். 'பையனே எழுதிக் கொடுத்திருக்கானே!' ஒரு இன்கிரிமெண்டை நிரந்தரமாக வெட்டினார்கள். நிரந்தரம் என்றால் என்ன என்று வேலைக்குப் போனால்தான் உங்களுக்குப் புரியும். அதற்குப் பிறகு அவருக்குச் சேர்ந்த பி.எஃப்., கடைசியில் வந்த கிராஜுவிட்டி எல்லாமே அந்தக் குறைந்த சம்பளத்தின் மேல் போட்ட கணக்குதான்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. கேன்டீனில் டீ குடிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் தம்பி, இங்கிலீஷ்ல 'படு'ன்னு ஒரு வார்த்தையே கிடையாதா?"

இருக்கிறது. 'லை டவுன்.' அது எனக்குத் தெரியாத சொல்லா என்ன? பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் கை எழுதியது 'ஸ்லீப்'. காரணம் நம் தமிழில் இருக்கிறது. "அப்பா படுத்துட்டாரா?" என்று கேட்டால் என்ன அர்த்தம்? பாயில் சாய்ந்துவிட்டாரா என்றும் அர்த்தம், தூங்கிவிட்டாரா என்றும் அர்த்தம். "தாத்தா படுத்த படுக்கையா இருக்காரு" என்றால் நோய். "வியாபாரம் படுத்துடுச்சு" என்றால் நஷ்டம். ஒரே 'படு'வை வைத்துக்கொண்டு நாம் இத்தனை வேலை வாங்குகிறோம். ஆங்கிலத்தில் இதை நாலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உடம்பைக் கிடத்துவது 'லை டவுன்'. ராத்திரித் தூக்கத்துக்காகப் படுக்கைக்குப் போவது 'கோ டு பெட்'. விழிப்பிலிருந்து தூக்கத்துக்குள் நழுவும் அந்த நொடி 'ஃபால் அஸ்லீப்' அல்லது 'கோ டு ஸ்லீப்'. அதற்குப் பிறகு இருக்கும் நிலை 'பீ அஸ்லீப்'. அந்த நிலையில் கழிந்த நேரத்தைச் சொல்ல 'ஸ்லீப்'. 'ஐ வென்ட் டு பெட் அட் டென், பட் ஐ ஃபெல் அஸ்லீப் அட் ஒன்' என்று ஒருவன் சொன்னால், பத்து மணிக்குப் படுத்தவன் மூன்று மணி நேரம் புரண்டுகொண்டிருந்தான் என்று புரிந்துவிடும். நாம் இதையே 'ஐ ஸ்லெப்ட் அட் டென்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

'எழுந்தேன்' என்பதிலும் இதே வில்லங்கம்தான். கண் விழிப்பது 'வேக் அப்'. படுக்கையை விட்டு எழுந்திருப்பது 'கெட் அப்'. நான் அன்று எழுந்து நின்றேன், அவ்வளவுதான். 'வோக் அப்' என்று எழுதியதன் மூலம், தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதற்கு நானே இரண்டாவது சாட்சியும் சொல்லிவிட்டேன்.

சரி, 'லை டவுன்' என்று தெரிந்துவிட்டதே, இனிப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். அதற்கு இறந்தகாலம் எழுதுவதற்குள் பாதிப் பேர் கவிழ்ந்துவிடுகிறார்கள். 'லை' என்பதற்கு இறந்தகாலம் 'லே'. மூன்றாவது வடிவம் 'லெய்ன்'. ஆனால் 'லே' என்றே இன்னொரு வினைச்சொல்லும் இருக்கிறது. அதற்கு அர்த்தம் கிடத்துவது, பரப்பிவைப்பது. அதன் இறந்தகாலம் 'லெய்ட்'. சிவில் மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே தேவையில்லை. செங்கல்லை 'லே' பண்ணுகிறோம், பைப்லைனை 'லே' பண்ணுகிறோம். எதை என்ற கேள்விக்கு ஒரு பொருள் பதிலாக வந்தால் அது 'லே'. நானே போய்க் கிடந்தால் 'லை'. போதாததற்கு, பொய் சொல்வதற்கும் 'லை' என்றே பெயர். அதன் இறந்தகாலம்தான் 'லைட்'. 'ஐ லைட் ஆன் தி பெஞ்ச்' என்று எழுதிய விளக்கக் கடிதங்களை நானே பார்த்திருக்கிறேன். பெஞ்சின் மேல் உட்கார்ந்து பொய் சொன்னதாக ஆகிறது!

அடுத்தது 'அஸ்லீப்'. இந்தச் சொல்லைப் பெயருக்கு முன்னால் போடக் கூடாது. 'தி மேன் இஸ் அஸ்லீப்' சரி. 'ஆன் அஸ்லீப் மேன்' தவறு; அங்கே 'எ ஸ்லீப்பிங் மேன்' என்றுதான் வரும். அசந்து தூங்குகிறவனை 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்பார்கள். வேகமாகத் தூங்குகிறான் என்று பொருள் சொல்லி என் வகுப்பில் ஒருவன் வாங்கிக் கட்டிக்கொண்டான். இந்த 'ஃபாஸ்ட்' வேறு. நட், போல்ட், ரிவிட் எல்லாவற்றையும் 'ஃபாஸ்னர்' என்கிறோமே, அந்த 'ஃபாஸ்ட்'. இறுகப் பொருந்தியது, அசையாதது என்று பொருள். சாயம் போகாத துணியை 'கலர் ஃபாஸ்ட்' என்பதும் இதனால்தான்.

'தூக்கம் வருது' என்பதை 'ஸ்லீப் இஸ் கமிங்' என்று சொல்லாத ஹாஸ்டல் மாணவன் உண்டா? பஸ் வரும், மழை வரும். ஆங்கிலத்தில் தூக்கம் அப்படி வராது. 'ஐ ஃபீல் ஸ்லீப்பி' என்று சொல்ல வேண்டும். தூக்கம் வரவில்லை என்றால் 'ஐ கான்ட் ஸ்லீப்'. கால் மரத்துப்போனால் மட்டும் 'மை லெக் ஹேஸ் கான் டு ஸ்லீப்' என்பார்கள், அதாவது கால் தூங்கிவிட்டதாம். நண்பன் அறையில் இரவு தங்கியதைச் சொல்லும்போது இன்னொரு ஜாக்கிரதை தேவை. 'ஐ ஸ்லெப்ட் வித் மை ஃப்ரெண்ட்' என்று சொல்லிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு. இது ஆண்டு மலர் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். 'ஐ ஸ்லெப்ட் இன் மை ஃப்ரெண்ட்ஸ் ரூம்' என்றால் ஒரு வம்பும் இல்லை.

குட்டித் தூக்கம் 'நேப்'. நாம் கோழித் தூக்கம் என்பதை அவர்கள் 'கேட் நேப்' என்கிறார்கள். நமக்குக் கோழி, அவர்களுக்குப் பூனை. 'நேப்' என்றால் தெரிந்தே, வேண்டுமென்றே போடும் சிறு தூக்கம். தன்னையறியாமல் கண் அசந்துவிட்டால் அது 'டோஸ் ஆஃப்', உட்கார்ந்தபடியே தலை தொங்கிப்போனால் 'நாட் ஆஃப்'. முதல் பீரியடுக்கு லேட்டாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஜோடி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக எட்டு மணி வரை வேண்டுமென்றே தூங்குவது 'ஸ்லீப் இன்'. எழுந்திருக்க நினைத்தும் நேரம் தாண்டித் தூங்கிவிடுவது 'ஓவர்ஸ்லீப்'. ஆகவே எச்.ஓ.டி.யிடம் 'ஐ ஓவர்ஸ்லெப்ட் சார்' என்று சொன்னால் மன்னிப்புக் கேட்பது போல இருக்கும். 'ஐ ஸ்லெப்ட் இன் சார்' என்றால் வேண்டுமென்றே தூங்கியதாகிவிடும்!

நம் ஊரில் 'ஐ ஸ்லெப்ட் ஆஃப்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம், தூங்கிவிட்டேன் என்ற அர்த்தத்தில். நமக்குள் பேசும்போது பரவாயில்லை. ஆனால் ஆங்கிலேயர்கள் 'ஸ்லீப் ஆஃப்' என்பது ஒன்றைத் தூங்கித் தீர்ப்பதற்கு. தலைவலியை, அல்லது முதல்நாள் குடித்த போதையைத் தூங்கித் தெளிவிப்பதற்கு. வெளிநாட்டுக் கம்பெனி அதிகாரிக்கு இப்படி எழுதினால், 'எதைத் தீர்ப்பதற்குத் தூங்கினாய்?' என்று அவர் கேட்கக்கூடும்.

இனி ஓய்வுக்கு வருவோம். 'ரெஸ்ட்', 'ரிலாக்ஸ்', 'பிரேக்' மூன்றையும் நாம் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்குகிறோம். 'ரெஸ்ட்' உங்களுக்குப் பழைய சிநேகிதம். நியூட்டனின் முதல் விதியில் ஒரு பொருள் ஓய்வு நிலையில் இருக்கிறது என்று படித்தீர்களே, அதேதான். அசையாமல் இருப்பது, வேலையை நிறுத்துவது. தூங்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதற்கு முன் குறைந்தது அரை மணி நேரமாவது இடைவேளை விட வேண்டும் என்றது. அந்த இடைவேளைக்கு அது வைத்த பெயர் 'இன்டர்வல் ஃபார் ரெஸ்ட்'. அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவில், 150 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் 'ரெஸ்ட் ரூம்' வேண்டும் என்று இருந்தது. அது இளைப்பாறும் அறை. ஆனால் அமெரிக்க வழக்கில் 'ரெஸ்ட் ரூம்' என்றால் கழிப்பறை! பன்னாட்டுக் கம்பெனிகளிலும் விமான நிலையங்களிலும் அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு கேரியரோடு உள்ளே நுழைந்துவிடாதீர்கள்.

'டேக் ரெஸ்ட்' என்று நாம் சொல்வது தவறா என்று பலர் கேட்கிறார்கள். இங்கே டாக்டரே அப்படித்தான் சொல்கிறார். தவறு என்று அடித்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் பரீட்சையிலும் வெளிநாட்டாரிடமும் 'கெட் சம் ரெஸ்ட்' அல்லது 'டேக் எ ரெஸ்ட்' என்பதே பாதுகாப்பு.

'ரிலாக்ஸ்' வேறு சாதி. லத்தீனில் தளர்த்துவது என்ற பொருளில் இருந்து வந்தது. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் 'ஏஜ் ரிலாக்சேஷன்' என்று போடுகிறார்களே, அது வயது வரம்புத் தளர்வு. வயதுக்கு ஓய்வு கொடுப்பதல்ல! இழுத்துப் பிடித்து வைத்த பொருளில் நீளம் மாறாமலே நாளடைவில் இழுவிசை மட்டும் குறைவதை 'ஸ்ட்ரெஸ் ரிலாக்சேஷன்' என்று படித்திருப்பீர்கள். மனிதனுக்கும் அதுதான். இறுக்கம் குறைய வேண்டும். ஆகவே கேரம் ஆடியும் 'ரிலாக்ஸ்' பண்ணலாம், கிரிக்கெட் ஆடியும் பண்ணலாம். வேர்த்து விறுவிறுத்து ஓடும்போது 'ரெஸ்ட்' எடுக்க முடியாது. வைவாவில் கைகால் நடுங்கும் மாணவனிடம் நல்ல எக்ஸ்டர்னல் 'ரிலாக்ஸ்' என்றுதான் சொல்வார். மோட்டார் வைண்டிங் தெரிந்த எலக்ட்ரிக்கல்காரர்களுக்கு 'அன்வைண்ட்' என்ற சொல் சுலபம். சுற்றியதைப் பிரிப்பது, நாள் முழுக்க முறுக்கேறிய மனசு மெதுவாகப் பிரிவது. 'பிரேக்' என்பது வேலைக்கு நடுவில் விழும் வெட்டு, அவ்வளவே. டீ பிரேக்கில் நீங்கள் ஓய்வெடுத்தீர்களா, சண்டை போட்டீர்களா என்பது அதற்குக் கவலையில்லை.

கம்ப்யூட்டர் மாணவர்கள் கோபிக்கக் கூடாது என்பதற்காக ஒன்று. கம்ப்யூட்டரில் 'ஸ்லீப்' கொடுத்தால் செய்துகொண்டிருந்த வேலை மெமரியிலேயே இருக்கும், அதற்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். 'ஹைபர்நேட்' கொடுத்தால் எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணைந்துவிடும். சில பிராணிகள் குளிர்காலம் முழுக்கத் தூங்குவதற்குத்தான் அந்தப் பெயர். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைக்கு 'ஸ்லீப்பர்' என்று பெயர் வைத்தவர்களை மட்டும் நான் கேள்வி கேட்பதில்லை. அது படுத்துத்தான் கிடக்கிறது, தூங்கவில்லை. என்னைப் போல!

மெமோ விஷயம் பரவிய பிறகு, தொழிற்சாலையில் யாருக்கு மெமோ வந்தாலும் விளக்கம் எழுத என்னிடம் வர ஆரம்பித்தார்கள். அடிபட்டவனுக்குத்தானே மருந்து தெரியும் என்று நினைத்தார்களோ என்னவோ. நான் முதலில் கேட்பது, "கண்ணை மூடுனீங்களா, மூடலையா? உண்மையைச் சொல்லுங்க" என்பதுதான். தூங்காதவருக்கு 'லே டவுன்' என்று எழுதுவேன். தூங்கினவருக்கு அதை எழுத மாட்டேன். அது மேலே சொன்ன இன்னொரு 'லை' ஆகிவிடும். அவருக்கு 'ஐ ஃபெல் அஸ்லீப்' என்று எழுதுவேன். 'ஐ ஸ்லெப்ட்' என்பதில் முடிவு பண்ணித் தூங்கினது போல ஒரு வாடை அடிக்கலாம். 'ஃபெல் அஸ்லீப்' என்பதில் தூக்கம் அவரை மீறி வந்தது என்று இருக்கிறது. மூன்றாவது நாளாகத் தொடர்ந்து ஓவர்டைம் பார்த்தவருக்கு அதுதானே உண்மை? சில பேருக்கு அது கைகொடுத்தது, சில பேருக்குக் கொடுக்கவில்லை.

அண்ணன் 2011-ல் ரிட்டயர் ஆனார். பிரிவு உபசாரம் முடிந்து, மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம், நான் எழுதி வைத்திருந்த ஒரு காகிதத்தை நீட்டினேன். பழைய விளக்கக் கடிதம், திருத்தியது. "படிச்சுக் காட்டு" என்றார்.

'ஐ ஹேட் எ ஃபீவர். தி ஆபரேட்டர் டோல்ட் மீ டு லை டவுன். ஐ லே டவுன் ஆன் தி பெஞ்ச் அட் 2.30. ஐ காட் அப் வென் தி ஆபீசர் கேம் இன்.'

கவனமாகக் கேட்டார். "முன்ன எழுதினதுக்கும் இதுக்கும் எத்தனை இடத்துல மாத்தியிருக்க?"

"மூணு இடம்ணே."

"மூணுதானா?" என்றார்.